வட்டி மழை

லிஃப்ட் பதினோராவது மாடியில் போய் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. மங்கை படியில் ஓடினாள்.

ஆறாவது மாடியிலிருந்து ஒன்பதாவது மாடிக்கு. நெஞ்சோடு அணைத்திருந்த தாள்கட்டு நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். ஏழாவது மாடித் திருப்பத்தில் செருப்பு வழுக்கியது. இரண்டையும் உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

ஐந்து மணிக்கு எங்கோ ஒரு குளிர்தேசத்தில் ஒன்பது பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு, கல்வேரா என்ற நாட்டின் மூன்று வருட மழை முழுவதும் பறிபோய்விடும்.

ஒன்பதாவது மாடிக் கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது: ‘ஓம்பாரி பிரிவு. பிற நாட்டுப் பிரிவினர் நுழையக்கூடாது.’ அவள் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. கதவைக் கையால் தட்டினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். வாயில் முறுக்கு.

“ஏளா, என்ன கோலம் இது? செருப்பு எங்க? கட்டடத்துல தீ கீ பிடிச்சிருக்கா?”

“உள்ள விடுங்கண்ணே.”

“உன்னை உள்ள விட்டா என் வேலை போயிரும்லா?”

“விடலைன்னா ஒரு நாடே போயிரும்.”

ஜெபதுரை அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் முறுக்கை விழுங்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

மழை கடனாகக் கிடைக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. மேகம் ஓட்டும் கப்பல்கள் வந்த பிறகுதான் அது சாத்தியமாயிற்று. காற்றில் மின்னூட்டம் ஏற்றி, உப்புத்தூளைப் பீய்ச்சி, மந்தையை ஓட்டுவது போல மேகத்தை ஓட்டிக்கொண்டு போகும் கப்பல்கள். நடுக்கடலில் யாருக்கும் பயனில்லாமல் கொட்டும் மழையை மடக்கி, காய்ந்து கிடக்கும் நாடுகளுக்குக் கடனாகக் கொடுப்பதுதான் பன்னாட்டு மழை நிதியத்தின் தொழில். பருவமழை நன்றாகக் கிடைக்கிற காலத்தில் நாடுகள் அதைத் திருப்பித் தரவேண்டும். பணமாக அல்ல, மழையாக. நூறு பங்கு வாங்கினால் நூற்றுப் பன்னிரண்டு பங்கு. கப்பல்கள் வந்து வானத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடும்.

இந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பது நிதியத்தின் சென்னை அலுவலகம். துரைப்பாக்கத்தில் பன்னிரண்டு மாடி.

கல்வேராவும் ஓம்பாரியும் ஒரே மாதத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகள். ஒன்று இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரை. மற்றொன்று தெற்கே ஒரு தீவு. இரண்டிலும் தொண்ணூறு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜனங்கள். இரண்டிலும் சோளம், மாடு, வறுமை. நிதியத்தின் எந்த மாநாட்டிலும் முதல் படமாக இந்த இரண்டு நாடுகளின் கடன் பாக்கிக் கோடுகளைத்தான் போடுவார்கள். ஓம்பாரியின் கோடு மாடிப்படி மாதிரி ஒழுங்காக இறங்கும். கல்வேராவின் கோடு குடிகாரன் நடை மாதிரி போகும்.

ஆறாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் இதில் ஓயாத சண்டை. கிரிக்கெட் மேட்ச் மாதிரி. “என்ன, உங்க ஆளு இந்த மாசமும் நாமமா?” என்று கேன்டீனில் ஜெபதுரை சீண்டுவார். “உங்க ஆளுங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கொடுக்கிறாங்க, அதுல என்ன பெருமை?” என்று மங்கை திருப்புவாள். இரண்டு பேரும் அந்த நாடுகளைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எட்டு வருடமாக அவற்றின் ஒவ்வொரு தூறலையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பாசம் வந்துவிடுகிறது.

இன்று மதியம், ஐந்து மணிக் கூட்டத்துக்காக, மங்கையின் திரைக்கு ஒரு சான்றிதழ் வந்தது. ‘இதே நிலைமையில் இருந்த ஓம்பாரி ஒரு தவணை கூடத் தவறவில்லை. ஆகவே கல்வேராவாலும் முடியும்; மனமில்லை என்பதே உண்மை. முழு வசூலுக்குப் பரிந்துரைக்கிறேன்.’ கீழே அவள் பெயர். பெயருக்குப் பக்கத்தில் கட்டை விரலுக்கு ஒரு கட்டம்.

அதை மூன்று மணி நேரம் வெறித்துக்கொண்டிருந்தவளுக்கு, நாலு மணிக்கு ஒரு விஷயம் உறைத்தது.

“நேத்து கேன்டீன்ல ஒரு படம் காட்டுனீங்களே,” என்றாள் மூச்சு வாங்க.

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைய படமா? வெள்ளைச் சட்டையில செவப்பு செவப்பா புள்ளி. அங்கன கடன் மழை பெஞ்சா அப்படித்தான் இருக்கும். அதை மருதாணி மழைன்னு கொண்டாடுவாவ. அதுக்கா ஓடியாந்த?”

“கடன் மழை எங்கேருந்து வருது?”

“இது என்ன கேள்வி? நடுக்கடல் கையிருப்புலேருந்து.”

“நடுக்கடல்ல ஏதுண்ணே செம்மண்ணு?”

ஜெபதுரை மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கல்வேரா முழுக்கச் செம்மண்ணு,” என்றாள் மங்கை. “அறுப்பு முடிஞ்சு காத்தடிச்சா வானமே செவந்துரும். நான் தினம் படத்துல பார்க்கிறேன்.”

“நீ சொல்லுதது சரியா இருக்காது. ரெண்டு நாட்டுக் கணக்கையும் வருசா வருசம் பக்கத்துல பக்கத்துலதான வச்சுப் பாக்காவ? ஒட்டவே ஒட்டாதே.”

“எங்க வருஷம் எப்ப ஆரம்பிக்குது?”

“உங்களுக்கு ஜூன். எங்களுக்கு ஜனவரி. அந்தந்த நாட்டுப் பருவத்துக்குத் தக்கன. ஆரம்பத்துலேருந்தே…” அவர் குரல் தேய்ந்தது.

“வருஷக் கணக்கு எப்படிண்ணே ஒட்டும்? மேல அனுப்பறது வருஷத்து மொத்தம் மட்டும். எங்க தினக் கணக்கை உங்க மாடி பாக்கக்கூடாது, உங்களதை எங்க மாடி பாக்கக்கூடாது. ரகசியக் காப்புன்னு சொன்னாங்க, நாமளும் நம்புனோம்.” தாள்கட்டை மேஜையில் போட்டாள். “கல்வேராவுல ஒவ்வொரு ஊர்லயும் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் காலையில எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து, கப்பல் ஓட்டிட்டுப் போன அளவையும் சேர்த்து நோட்டுல எழுதுவார். அந்த நோட்டு இது. உங்க ஊர்ல?”

“தபால்காரர் எழுதுவார்.”

“எடுங்க.”

நாலு இருபது. இரண்டு பேரும் மேஜையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்தார்கள். மங்கை படித்தாள்.

“மார்ச் பதினாலு. மேகத்தை ஓட்டிட்டுப் போனாங்க. நூத்திப் பன்னெண்டு.”

ஜெபதுரை திரையில் விரலை ஓட்டினார். “மார்ச் இருபது. எங்களுக்குக் கடன் வந்துது. நூறு.”

“ஏப்ரல் ரெண்டு. அம்பத்தாறு.”

“ஏப்ரல் எட்டு. அம்பது.”

“ஏப்ரல் பத்தொம்பது. இருபத்தெட்டு.”

“ஏப்ரல் இருபத்தஞ்சு…” ஜெபதுரை திரைக்குக் கிட்டே குனிந்தார். “இருபத்தஞ்சு. எல்லாத்துக்கும் ஆறு நாள் இடைவெளி. கப்பல் அங்கேருந்து இங்க வர ஆறு நாள் ஆகும்.”

“இப்ப நீங்க முதல்ல படிங்க.”

“செப்டம்பர் பதினொண்ணு. நாங்க திருப்பிக் கட்டுனது எம்பத்திநாலு.”

“செப்டம்பர் பதினேழு. எங்களுக்குக் கடன். எழுபத்தஞ்சு.”

அடுத்த மேஜையில் ஒரு பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தாள். ஜெபதுரை அதைக் கவனிக்கவில்லை.

“கையிருப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது,” என்றார். “உன் ஊர்க்காரன் கட்டுனதை எங்களுக்குக் கடன்னு குடுத்திருக்கான். நாங்க கட்டுனதை உங்களுக்குக் கடன்னு குடுத்திருக்கான். இருபத்திரண்டு வருசமா.”

“ஆமா.”

“மங்கை, தாலேம் பள்ளத்தாக்கு தெரியுமா உனக்கு? நாலு லட்சம் பேரு. நாலு வருசம் முன்னால, தவணை தவறிறக்கூடாதுன்னு ஓம்பாரி அரசாங்கம் அந்த வட்டாரத்து மழையை மொத்தமா எழுதிக் குடுத்துச்சு. ஜனங்க மாட்டை வித்துட்டு ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாவ. அந்த வருசம் எங்களுக்குச் சிறந்த கடனாளி விருது. நான் இந்த மேஜையில வச்சுதான் கேக் வெட்டினேன். உனக்குக்கூட ஒரு துண்டு குடுத்தேன்.”

மங்கைக்கு அந்த கேக் ஞாபகம் இருந்தது.

“நூத்திப் பன்னெண்டு போகுது, நூறுதான் வருது,” என்றாள். “ரெண்டு பக்கமும். மிச்சம் பன்னெண்டு எங்கண்ணே?”

“வட்டி. அது எங்கனயாவது பெஞ்சுதான ஆகணும்? ஐரோப்பாவுல எவனாவது ஒருத்தன் திராட்சைத் தோட்டம் போட்டிருப்பான். இல்ல, கோல்ஃப் ஆடுத மைதானத்துல புல்லு வளத்திருப்பான். வேற யாரு?”

மங்கை மொழிபெயர்ப்பானைக் காதில் செருகிக்கொண்டாள். கல்வேராவின் நீர் அமைச்சர் ஒசேலாவின் எண்ணை அழுத்தினாள்.

இந்த மொழிபெயர்ப்பானில் ஒரு கூத்து இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெபதுரை விளையாட்டாக அதைத் தன் ஊர்ப்பக்கத்துப் பேச்சுக்கு மாற்றி வைத்துவிட்டார். மாற்றத் தெரியாமல் விட்டவள், பிறகு மாற்ற மனமில்லாமல் விட்டுவிட்டாள். அறுபத்தெட்டு வயது ஒசேலா எட்டு வருடமாக அவளிடம் தூத்துக்குடித் தமிழ்தான் பேசிவருகிறார்.

“என்ன தாயி, கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்லத்தான கூப்பிடுத?” என்றார் அமைச்சர். “பரவால்ல, போடு. உன் மேல வருத்தமில்ல.”

“போடல ஐயா. கேளுங்க.”

மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“மூணு வருசம் முன்னால,” என்று மெதுவாக ஆரம்பித்தார் ஒசேலா. “ஜூலை மாசம். சோளம் பால் பிடிக்கிற நேரம். அப்பதான் கப்பல் வந்து நிக்கு. பதினெட்டு நாள் பொறுங்க, மணி முத்தட்டும், அப்புறம் எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். கேக்கலை. நான் கப்பலைத் துறைமுகத்துலயே மறிச்சுப் போட்டேன். அதைத்தான் ‘மறுப்பு’ன்னு எழுதி வச்சிருக்கீய. சரி தாயி, அந்த மழை யாருக்குப் போக வேண்டியது? உன் கணக்குப்படி பாத்தா?”

மங்கை ஜெபதுரையைப் பார்த்தாள். அவருடைய காதிலும் ஒரு மொழிபெயர்ப்பான் இருந்தது. அவர் தாளைப் புரட்டவில்லை. புரட்டாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

“எங்களுக்கு ஐயா,” என்றார் ஜெபதுரை. “ஓம்பாரிக்கு. அந்த ஜூலையில கடன் வரலை. கையிருப்பு இல்லைன்னு ஒரு வரி கடுதாசி வந்துது. தென்கரையில அறுநூறு மாடு செத்துது. முப்பத்தோரு பிள்ளைங்களும். வாந்திபேதி.”

“நான் மறிச்சதாலயா?”

மங்கை தாள்கட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்குத் தெரியாதே,” என்றார் ஒசேலா. மொழிபெயர்ப்பான் அந்தக் குரலின் நடுக்கத்தையும் சேர்த்தே கொடுத்தது. “யாரோ பெரிய பணக்காரன்கிட்ட வாங்குதோம், அவன்கிட்டதான் பதினெட்டு நாள் கேக்கோம்னுல்லா நினைச்சேன். அந்தப் பக்கம் என்னை மாதிரியே ஒருத்தன் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“சொல்லக்கூடாதுன்னுதான் எங்களைத் தனித்தனி மாடியில வச்சிருந்தாங்க ஐயா.”

“சரி. அழுவுததுக்கு நேரமில்ல. மணி என்ன அங்க?”

“நாலு முப்பத்தெட்டு.”

“நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல முப்பத்தொம்பதாவது விதின்னு ஒண்ணு உண்டு. என் மழையை நிதியம் வேற எங்கயாவது சேத்து வச்சிருந்துதுன்னா, பாக்கியை முதல்ல அங்கேருந்துதான் எடுக்கணும். அதுக்கப்புறம்தான் என் வானத்துல கை வைக்கலாம். எவனோ ஒரு வக்கீல் பேருக்கு எழுதி வச்ச விதி. ஆனா செல்லும். அஞ்சு மணிக்குள்ள நான் மனு போடணும். மனுவில இடத்தோட பேரு இருக்கணும். பேரில்லாம போட்டா குப்பைக் கூடைக்குத்தான் போகும். அந்தப் பன்னெண்டு பங்கு எங்க பெஞ்சுதுன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமா?”

“முடியும்.”

“எந்த ஊரா இருந்தாலும் சொல்லுவியா?”

“எந்த ஊரா இருந்தாலும் சொல்றேன் ஐயா. இணைப்பைத் துண்டிக்காம இருங்க.”

எத்திராஜின் அறை பன்னிரண்டாவது மாடியில். அவர்தான் சென்னை அலுவலகத்தின் தலைவர். நிதியம் இங்கே கதவு திறந்த நாளிலிருந்து இருக்கிறவர். அடுத்த மாதம் ஓய்வு. மங்கை கையெழுத்துப் போடாவிட்டால் அவர் போடலாம். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. அதனால் வெறுமனே மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில் கல்வேராவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது மங்கைக்குத் தெரியும்.

இருவரும் உள்ளே நுழைந்தபோது அவர் ஜன்னலோரமாக நின்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். மங்கையின் வெறுங்காலைப் பார்த்தார். பின்னாலேயே ஜெபதுரையைப் பார்த்தார். தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆறாவது மாடியும் ஒன்பதாவது மாடியும் சேர்ந்து வந்திருக்கீங்க,” என்றார். “உக்காருங்க.”

“உக்கார நேரமில்ல சார். வட்டி எங்க போச்சு?”

“யார் கேக்கறது?”

“நான்தான் கேக்கறேன். கல்வேரா மந்திரியும் லைன்ல இருக்கார்.”

எத்திராஜ் கோபப்படுவார் என்று மங்கை நினைத்தாள். காவலாளியைக் கூப்பிடுவார், குறைந்தபட்சம் குரலையாவது உயர்த்துவார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“லைனை ஊமையாக்கும்மா. ஒரு நிமிஷம்.”

அவள் ஊமையாக்கினாள்.

“இருபத்திரண்டு வருஷத்துல இந்தக் கேள்வியை யாராவது கேப்பாங்கன்னு காத்திட்டிருந்தேன். கேட்டுடக் கூடாதுன்னும் வேண்டிட்டிருந்தேன். ரெண்டும் உண்மை. மூணாவது பேரேடு ஒண்ணு இருக்கு. என் கைரேகைக்குத்தான் திறக்கும். திறக்கவா?”

“திறங்க.”

“பார்த்துட்டா பார்க்காத மாதிரி இருக்க முடியாது.”

“சார், மணி நாலு அம்பது!”

அவர் மேஜையின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். திரையில் பட்டியல் விரிந்தது. தேதி, அளவு, இடம். தேதி, அளவு, இடம். இருபத்திரண்டு வருடங்கள். இரண்டு நாடுகளின் வட்டியும் ஒன்றுவிடாமல் அதில் இருந்தது. அளவுகள் மாறிக்கொண்டே போயின. மூன்றாவது பத்தியில் மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே பெயர்.

மங்கை அதைப் படித்தாள். கீழே இறங்கி, மறுபடி மேலே போய், மறுபடி படித்தாள்.

ஜெபதுரை அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். திராட்சைத் தோட்டமும் இல்லை, கோல்ஃப் மைதானமும் இல்லை. “கர்த்தரே,” என்றார். பிறகு, கேட்காமலே, எத்திராஜின் தம்ளரை எடுத்து மிச்சத் தண்ணீரைக் குடித்தார்.

“ஏன் சார்?” என்றாள் மங்கை.

“இருபத்திரண்டு வருஷம் முன்னால அந்த ஊர்ல தண்ணிக்கு அடிதடி. வெட்டுக்குத்து. ஆஸ்பத்திரியில ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாங்க, கை கழுவத் தண்ணியில்லன்னு. அப்ப நிதியம் ஒரு பேச்சுவார்த்தைக்கு வந்துது. அவங்களுக்கு ஒரு உபகாரம் வேண்டியிருந்துது, அந்த ஊருக்கு மழை வேண்டியிருந்துது. எந்தப் பேப்பர்லயும் வராத ஒப்பந்தம். மூணு பேர் கையெழுத்து. அதுல ரெண்டு பேர் இப்ப உயிரோட இல்ல.”

“மூணாவது ஆள்?”

எத்திராஜ் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“கடல்லேருந்து வர்ற மழைன்னு சொன்னாங்க. நம்பணும்னு இருந்துது, நம்பினேன். அப்புறம் அஞ்சாறு வருஷம் கழிச்சு எனக்கும் கணக்கு புரிஞ்சுது. அதுக்குள்ள அந்த ஊர் பழகிடுச்சு. ஜனம் பெருகிடுச்சு. பிள்ளைங்க பிறந்துடுச்சு. இப்ப ஒரு கோடியே நாப்பது லட்சம் பேர் இருக்காங்க. அவங்க யாரும் கடன் கேக்கலம்மா. வாங்கினதே அவங்களுக்குத் தெரியாது. ஏரி நிறைஞ்சுதுன்னு சந்தோஷமா இருக்காங்க, அவ்வளவுதான்.”

“கல்வேராவுல இருக்கிறவங்க என்ன தப்பு சார் பண்ணினாங்க?”

“ஒண்ணும் பண்ணல.”

“ஓம்பாரியில முப்பத்தோரு பிள்ளைங்க.”

“தெரியும். அந்தக் கடுதாசியில கையெழுத்து என்னோடதுதான்.”

ஜெபதுரை காலித் தம்ளரை மேஜையில் வைத்தார்.

“நீ இந்தப் பேரைச் சொன்னா,” என்றார் எத்திராஜ், “நாளைக்குக் காலையில முந்நூறு கப்பலும் அங்க திரும்பும். மூணு வருஷத்துக்கு அந்த ஊர்ல சொட்டு விழாது. அந்த ஒரு கோடிச் சொச்சம் பேருக்கும் நீதான் பதில் சொல்லணும். சொல்லலைன்னா கல்வேராவுல தொண்ணூறு லட்சம். நான் உன்னைத் தடுக்கப் போறதில்ல. தடுக்கற தைரியம் எனக்கு இல்ல. இத்தனை வருஷமா சொல்ற தைரியமும் இல்ல. அதனாலதான் உன்கிட்ட திறந்து காட்டினேன். கோழைத்தனம்னு சொன்னா ஒத்துக்கறேன்.”

நாலு ஐம்பத்தைந்து.

சான்றிதழ் இந்தத் திரையிலும் வந்து நின்றது. ‘கல்வேராவாலும் முடியும்; மனமில்லை என்பதே உண்மை.’ கட்டம் விரலுக்காகக் காத்திருந்தது. விரல் வைத்தால் அரை நிமிட வேலை. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஒசேலாவிடம் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று ஒரு வார்த்தை. அவர் நம்புவார். வருத்தமில்லை தாயி என்றுகூடச் சொல்லுவார்.

மங்கை ஜெபதுரையைப் பார்த்தாள். “அண்ணே?”

“என்னைக் கேக்காதளா,” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. “பத்து நிமிசம் முன்னால கேட்டிருந்தா சட்டுன்னு சொல்லியிருப்பேன்.”

அதுதான் அவளைத் தைத்தது. பத்து நிமிடம் முன்னால் அவளும் சொல்லியிருப்பாள். பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்துப் பெயர் அந்தப் பத்தியில் இருந்திருந்தால், அங்கே எத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று ஒரு வினாடிகூட யோசித்திருக்கமாட்டாள். படியில் ஓடிவந்த வேகத்திலேயே சொல்லிவிட்டு, ஒரு நாட்டைக் காப்பாற்றிய பெருமையோடு கீழே இறங்கிப்போய்ச் செருப்பைத் தேடியிருப்பாள்.

ஊமையை நீக்கினாள்.

“இருக்கியா தாயி?” என்றார் ஒசேலா. பின்னணியில் யாரோ அவசர அவசரமாகத் தாள் புரட்டுவது கேட்டது. “மனு ரெடி. ஓம்பாரி மந்திரிகிட்டயும் இப்பதான் பேசினேன். இருபத்திரண்டு வருசத்துல முதல் தடவையா. அவரும் கூட நின்னு கையெழுத்துப் போடுதேன்னு சொல்லிட்டாரு. ஒரு இடம் மட்டும்தான் காலியா கெடக்கு. கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சேன்.”

“அங்க உள்ளவங்க பெரிய ஆளுங்களா? வழக்கு கிழக்குன்னு வருவாவளா?”

“இல்ல ஐயா. சாதாரண ஜனங்க. அவங்களுக்கு இது தெரியாது.”

“தெரியாதா?” அமைச்சர் கொஞ்சம் தயங்கினார். “எனக்குத் தெரியாம இருந்துதே, அது மாதிரியா?”

“அது மாதிரிதான்.”

“அப்ப, மூணு வருசத்து மழையையும் ஒரேயடியா ஓட்ட வேண்டாம். வருசத்துக்குக் கொஞ்சமா எடுத்துக்கிடுதோம்னு மனுவில ஒரு வரி சேத்துக்கிடுதேன். அறுப்புக் காலமா பாத்து. குடிக்கத் தண்ணி விட்டுட்டு. அதைக் கேக்குத உரிமை எனக்கு உண்டுல்லா? அவங்க பக்கத்துலேருந்து யாராவது வந்து ‘பதினெட்டு நாள் பொறு’ன்னு சொன்னா, நான் பொறுப்பேன். அதையும் எழுதிக்கிடுதேன்.” பேனா ஓடும் சத்தம் கேட்டது. “சரி. இப்பச் சொல்லு. எந்த ஊரு?”

எத்திராஜ் கண்களை மூடிக்கொண்டார். ஜெபதுரை காதிலிருந்த மொழிபெயர்ப்பானை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலு ஐம்பத்தெட்டு.

“சென்னை, ஐயா,” என்றாள் மங்கை. “நான் இப்ப நின்னு பேசிட்டிருக்கிற ஊரு.”